வலது கன்னத்து ஸ்லைடு

வசுமதியின் வலது கை மைக்ரோஸ்கோப்பின் திருகில் இருக்கும். இடது உள்ளங்கையில், கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண் ஏறும் சின்னக் கருவி ஒன்று. ஸ்லைடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்துவாள், ஒரு வரி கீழே இறக்குவாள், அந்த ஓரத்திலிருந்து திரும்பி வருவாள். வயலில் ஏர் போய்த் திரும்புவது போல. ஒரு செல்லை இரண்டு தடவை எண்ணக் கூடாது, ஒன்றையும் விடவும் கூடாது. ஆயிரம் ஆனால்தான் தலை நிமிரும். நடுவில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா என்று அர்த்தம்.

அவள் தேடியது பெரிய விஷயமில்லை. ஒரு செல்லுக்குள் ஒரு கரு இருக்க வேண்டும். சில செல்லில் அந்தக் கருவுக்குப் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு துண்டு தனியாகக் கிடக்கும். செல் பிரியும்போது ஏதோ அடிபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆரோக்கியமான வாயில் ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கு மேல் போனால் ஏன் என்று கேட்க வேண்டும்.

2004 ஜனவரியில் இந்த வேலை தொடங்கியது. செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடம். பேராசிரியர் பாலசுப்ரமணியன் தலைமை. மொபைல் போனின் கதிர்கள் கன்னத்து உள்தோலின் செல்களுக்கு ஏதாவது செய்கின்றனவா என்று பார்ப்பது திட்டம். முப்பது பேர் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் மொபைலில் பேசுகிறவர்கள், முப்பது பேர் மொபைலே இல்லாதவர்கள். ஸ்லைடு பார்க்க வசுமதி. ஆட்களிடம் போய் மாதிரி எடுத்துவர நான். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஐஸ்குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியால் கன்னத்தைச் சுரண்டி வருவது எனக்குச் சிரமமில்லை.

சார் முதல் நாளே எங்களிடம் தெளிவாகச் சொன்னார். "எக்ஸ்ரே மாதிரி செல்லைக் கிழிக்கிற பலம் இதுக்குக் கிடையாது. லேசா சூடு பண்ணும். அதுக்கு மேல ஏதாவது செய்யுமாங்கறதுதான் கேள்வி. செய்யும்னு சில பேர் எழுதறாங்க, இல்லைன்னு சில பேர். நாம எண்ணிப் பார்ப்போம். முன்னாடியே முடிவு பண்ணிக்காதீங்க."

வசுமதி முன்னாடியே முடிவு பண்ணிக்கொள்கிறவள் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவள் மதுராந்தகத்துப் பெண். அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன லேபில் பதினெட்டு வருஷம் மலேரியா ஸ்லைடும் சளியும் மூத்திரமும் பார்த்தவள். 1994இல் ஒரு காய்ச்சல்காரருக்கு மலேரியா இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். இவள் மறுபடி ஸ்லைடை வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்து ஒரே ஒரு கிருமியைக் கண்டுபிடித்து, அதைக் காட்டி டாக்டரையே கையெழுத்தை மாற்ற வைத்தாள். அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்வாள். "நான் பார்த்தா பார்த்ததுதான்" என்று முடிப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் கண் அப்படி.

புருஷன் ராமானுஜம். மாமல்லபுரத்தில் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணாக்கள் கோயிலோடு இருக்க, இவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்தார். தொண்ணூறுகளில் வெள்ளைக்காரர்கள் கியூவில் நின்று ஊருக்குப் பேசினார்கள். மொபைலுக்கு வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஆன வருஷம் பூத்தில் ஈ ஓட்டினார். ஆனால் மனுஷர் சுணங்கவில்லை. அதே கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இரண்டு மொபைல் வாங்கி, டூரிஸ்ட் கார் ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை பேச்சுதான். ஏர்போர்ட்டுக்கு ஒரு வண்டி, காஞ்சிபுரத்துக்கு ஒரு வண்டி. எல்லாம் வலது காதில். ஒரே பெண் மானசா கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வசுமதி தினம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து போவாள்.

மொபைல்காரர்களைத் தேடி நான் முதலில் போனது ராமானுஜத்தின் கடைக்குத்தான். அவருடைய டிரைவர்கள் எல்லோரும் போனும் கையுமாக இருந்தார்கள். ஜெபகுமார் என்ற டிரைவர் முதல் ஆள்.

"இன்னா சிஸ்டர், போன்ல பேசுறது காது. வாயில இன்னாத்துக்கு சொறியிறீங்கோ?"

"காதைச் சுரண்டினா உனக்கு வலிக்கும். போன் ஒட்டுற கன்னத்துக்கு உள்பக்கம் இது. வாயைத் திற."

"பாத்து சிஸ்டர். பல்லு எல்லாம் ஒரிஜினலு."

"பார்த்தாலே தெரியுது. முதல்ல கொப்பளி. மூணு தடவை."

கொப்பளித்தான். தண்ணீர் பழுப்பாக வந்தது. மூன்றாவது தடவை தெளிந்தது. அதற்குப் பிறகுதான் குச்சி வைத்தேன். அதுதான் முறை. வாயில் ஏதாவது ஒட்டியிருந்தால் ஸ்லைடில் அழுக்கு தெரியும், எண்ண முடியாது. அந்த முப்பது பேரில் பாதிக்கு மேல் அப்படித்தான் சிவப்பாகவோ பழுப்பாகவோ கொப்பளித்தார்கள். மீன் ஏலக்காரர், சதுரங்கப்பட்டினத்துப் படகு உரிமையாளர், லாட்ஜ் மேனேஜர், டிரைவர்கள். வெற்றிலை, சீவல், புகையிலை, பொட்டலத்தில் வருகிற பாக்குத்தூள். நான் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்து, கழுவச் சொல்லி, சுத்தமாக ஸ்லைடு போட்டு அனுப்பினேன்.

படிவத்தில் இரண்டே கேள்வி இருந்தது. புகை பிடிப்பவரா, மது அருந்துபவரா. இரண்டுக்கும் இல்லை என்றவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டோம். வெற்றிலைக்குக் கட்டம் இல்லை. சாரும் அந்தக் கட்டத்தைப் போடவில்லை, வசுமதியும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் தாம்பூலம் போடுவது இங்கே யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றாது. கல்யாணத்துக்கு வந்தவருக்கு அதைக் கொடுக்காமல் அனுப்பினால்தான் குறை. படிவத்தில் இல்லாததை எழுதும் வழக்கம் எனக்கும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அப்படி வேலை பார்த்தே பெயர் வாங்கியவள்.

மொபைல் இல்லாத முப்பது பேரை எங்கே பிடித்தோம்? கல்லூரியின் நர்ஸிங் மாணவிகள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள். பல்லெல்லாம் பச்சரிசி மாதிரி இருந்தது.

மார்ச்சில் வசுமதி என்னைத் தனியாக அழைத்தாள். முதல் பதினைந்து ஸ்லைடு முடித்திருந்தாள். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதிலும் மேலே காகிதம் ஒட்டி மறைத்திருப்போம். ஆனால் அவள் முகம் வெளிறியிருந்தது.

"சிஸ்டர், நிறைய வர்றது. சிலதுல ஏழு, எட்டு. இவர் கார்த்தால எழுந்ததுலேருந்து அதைக் காதுலயே ஒட்டிண்டிருக்கார். இவருக்கும் ஒண்ணு எடுத்துடுங்கோ."

"குடும்பத்து ஆளைச் சேர்க்கக் கூடாதுன்னு சார் சொன்னாரே?"

"இதுல சேர்க்க வேண்டாம். எனக்காக. ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுங்கோ."

எடுத்தேன். ராமானுஜம் வாசலில் போய் மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வந்து, "மேரி சிஸ்டர், எங்காத்துக்காரி என்னையும் ஸ்லைடு போட ஆரம்பிச்சுட்டா. இனிமே எனக்கு ஒண்ணும் ரகசியம் இல்லை" என்று வாயைத் திறந்தார்.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் அவள் எனக்கு எண்களைச் சொன்னாள். இடது கன்னம் இரண்டு. வலது கன்னம் பதினொன்று.

போன் வைக்கிற காது வலது. கெட்டிருக்கும் கன்னமும் வலது. எழுபது வருஷம் நாத்திகம் பேசியவன்கூட அந்த இரண்டு எண்ணைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். நானும் நம்பினேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் அவளை மட்டும் குற்றம் சொன்னதாகிவிடும்.

அவள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். "ஏன்னா, இனிமே வலது காதுல வெச்சுண்டு பேசாதேங்கோ. இடது காதுல வெச்சுக்கோங்கோ."

"காது என்னோடதுடி."

"கன்னம்?"

"அது உன்னோடது. சரி, மாத்திக்கறேன்."

மாற்றிக்கொண்டார். பாவம், சொன்னதைச் செய்கிற மனுஷர். ஜூனில் மறுபடி எடுத்தேன். வலது பத்து. இடது இரண்டு.

இங்கேதான் நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். மூன்று மாசமாகப் போன் இடது காதில். இடது கன்னம் அப்படியே இருக்கிறது. வலது கன்னத்துக்குப் போன் போகவே இல்லை, ஆனால் அது ஆறவில்லை. கன்னத்து உள்தோல் செல் மூன்று வாரத்தில் உதிர்ந்து புதுசு வந்துவிடும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆனாலும், "பழைய காயம் சிஸ்டர், ஆழத்துல இருக்கு. அதான் சட்டுனு ஆறலை" என்றாள். மொபைலையே விடச் சொன்னாள்.

ராமானுஜம் அதையும் விட்டார். மேஜைமேல் பழைய கம்பிப் போனை மறுபடி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாடிக்கை குறைந்தது. கடையை விட்டு அவர் நகர்ந்த நேரத்தில் கூப்பிட்டவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஜெபகுமார் வேறு ஏஜென்டிடம் போனான். போகும்போது என்னிடம், "அய்யரு நல்ல மனுசன் சிஸ்டர். ஆனா போனு இல்லாம வண்டி எப்டி ஓடும்? சும்மா குந்திகினு கீறாரு" என்றான். அவர் ஐயங்கார். அவனுக்கு எல்லோரும் அய்யரு.

சும்மா உட்கார்ந்திருக்கிறவர் என்ன செய்வார்? போனில் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் வாடிக்கைக்காரனுக்காக வாயைக் காலியாக வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை வெற்றிலை போட்டவர், பேச்சு நின்றதும் பத்து, பன்னிரண்டு தடவை போட்டார். காரம் தாங்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்ததும் அந்த மாதங்களில்தான். வசுமதி ரசத்தில் மிளகைக் குறைத்தாள். அப்புறம் ரசத்தையே நிறுத்தினாள். "அந்தப் போன் பண்ணின சூடு" என்று அவள் சொல்ல, நான் தலையாட்டினேன். காரம் தாங்காத வாய் என்று ஒரு நோயாளி சொன்னால் டார்ச் எடுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்று நானே எத்தனை பயிற்சி நர்ஸுகளுக்குச் சொல்லியிருப்பேன். இவர் நோயாளி இல்லை, சிநேகிதியின் புருஷன். அதனால் பார்க்கவில்லை.

அக்டோபரில் மூன்றாவது ஸ்லைடு. வலது பன்னிரண்டு. டிசம்பர் கடைசியில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசம் யாரும் ஸ்லைடைப் பற்றிப் பேசவில்லை. நான் முகாம் முகாமாகத் தடுப்பூசி போடப் போனேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகாம் வேலை முடிந்து மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வசுமதி சாப்பிடச் சொன்னாள். ராமானுஜம் தயிர் சாதத்தைப் பாலும் விட்டுக் கரைத்து, கிட்டத்தட்டக் குடித்தார். நாலு மாசத்தில் கழுத்து எலும்பு தெரிந்தது. எழுந்து கை அலம்பி வந்து, வெற்றிலையை மடித்து வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

தினம் பார்க்கிறவளுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் ஜன்னல் வழியாக முகத்தில் விழுந்தது. கன்னம் உப்பிய பக்கத்தைப் பார்த்தேன்.

"எப்பவும் அந்தப் பக்கமா?"

"எந்தப் பக்கம்?"

"வெத்தலையை ஒதுக்குறது."

"இடது பக்கம் பல் ஏது சிஸ்டர்? கடைவாய்ப் பல் ரெண்டும் தொண்ணூத்தொம்பதுலயே பிடுங்கியாச்சு. இந்தப் பக்கம்தான் மெல்லவே முடியும்."

நான் என் பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். "துப்பிட்டு வாங்க. வாயைக் கொப்பளிங்க."

"இன்னொரு ஸ்லைடா?"

"இல்லை. பார்க்கணும்."

வந்து உட்கார்ந்தார். "பெரிசாத் திறங்க."

"திறந்திருக்கேனே."

மூன்று விரலை நெட்டாக வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டும். பெரியவர்களுக்கு அதுதான் அளவு. அவருக்கு இரண்டு விரல் கஷ்டப்பட்டு நுழைந்தது. வலது கன்னத்தின் உள்பக்கம் தோல் வெள்ளையாக, தடித்து, நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து புண்ணாக இருந்தது. விரலால் தொட்டேன். கல் மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே ஒரு கட்டி, நகரவில்லை.

"வலிக்குதா?"

"வலி இல்லை. அதனாலதான் சொல்லலை."

வசுமதி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் டார்ச்சை அவளிடம் நீட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள், ஸ்லைடு பார்க்கிற மாதிரி. நிமிர்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணு, பத்து, பன்னெண்டு" என்றாள்.

"என்னடி?" என்றார் ராமானுஜம்.

"மூணு வாரத்துல உதிர்ற செல் சிஸ்டர். பழைய காயம்னு எப்படிச் சொன்னேன்?"

டார்ச்சை அணைத்து என்னிடம் கொடுத்தாள். "ஸ்லைடுல அடிபட்டிருக்குன்னு இருந்தது. யார் அடிச்சான்னு அதுல இல்லை. அதை நான்தான் சேர்த்துண்டேன்" என்றாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பயமுறுத்தறேளா?" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். வாய் சரியாகத் திறக்கவில்லை.

பதினைந்து நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. துண்டெடுத்துப் பார்த்ததில் புற்று. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து காரம் தாங்கவில்லை என்று கேட்டார். "ஜூன்லேருந்து" என்றாள் வசுமதி. அவர் நாட்களை மனசுக்குள் எண்ணுவது தெரிந்தது. "அப்பவே வந்திருந்தா கன்னத்துல சின்னதா எடுத்திருப்போம்மா. இப்போ எலும்பும் எடுக்கணும்" என்றார். வைது சொல்லவில்லை. வைதிருக்கலாம்.

வசுமதி அந்த வாரமே பாலசுப்ரமணியன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனுக்குத் திருட்டுத்தனமாக ஸ்லைடு போட்டதையும் சேர்த்து. அவர் வெகுநேரம் பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தார். "கட்டம் போடாதது நான்" என்றார் கடைசியில். என்னைக் கூப்பிட்டு, அறுபது பேரையும் மறுபடி பார்க்கச் சொன்னார்.

பஸ் பஸ்ஸாகப் போனேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்டேன். சாப்பிட்டு முடித்ததும் வாயில் என்ன போடுவீர்கள்? மொபைல்காரர்கள் முப்பதில் பத்தொன்பது பேர் ஏதாவது ஒன்று போட்டார்கள். மொபைல் இல்லாத முப்பதில் இரண்டே பேர். அந்தப் பத்தொன்பது பேரின் ஸ்லைடைத் தனியே எடுத்து வைத்தால், மீதி பதினோரு பேருக்கும் நர்ஸிங் மாணவிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பதினோரு பேரை வைத்துக்கொண்டு கெடுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று சார் சொன்னார். மொபைல் செல்களை ஏதாவது செய்கிறதா என்று எங்கள் ஆய்வு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. காகிதங்கள் அலமாரிக்குப் போயின.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பத்தொன்பது வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு பேருக்கு வெள்ளைத் திட்டு. அவர்களை டாக்டரிடம் அனுப்பினேன். அதில் ஜெபகுமார் ஒருவன்.

"இத்த அன்னிக்கே கேட்டுருக்கலாம்ல சிஸ்டர்? கொப்புளிக்க சொன்னீங்க, பாத்துகினுதான இருந்தீங்க?"

"பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"பின்ன?"

"கேட்கலை. தப்புதான். நீ நாளைக்கே போ."

சட்டைப் பையிலிருந்த பொட்டலங்களை எடுத்துச் சாக்கடையில் போட்டான். நிஜமாக விட்டானா என்று எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் ஏப்ரலில். முந்தின நாள் சாயங்காலம் ராமானுஜம் நிறையப் பேசினார். இனிமேல் எப்படிப் பேச்சு வருமோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மாமல்லபுரத்தில் எந்த லாட்ஜில் கொசு இல்லை என்று சொன்னார். ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த மானசாவிடம், பெரியப்பாவிடம் கோயில் பிரசாதம் கொண்டுவரச் சொல்ல வேண்டாம், சாப்பிட முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம் என்றார். வசுமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி வாயே திறக்க மாட்டேங்கறே? காதை மாத்தி மாத்தி வெச்சுண்டதுல ஒரு லாபம். ரெண்டு காதுக்கும் நன்னா பழகிடுத்து."

அவள் சிரிக்கவில்லை.

"வசு. வெத்தலை போட்டது நான். நீ ஊட்டி விடலை."

"நான் வேற பக்கம் பார்த்துண்டிருந்தேனே. பக்கத்துலயே உட்கார்ந்துண்டு. ஒம்போது மாசம்."

"நான் மட்டும்? என் வாய் எனக்கே தெரியலையே."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவர் ஆறுதலுக்காகச் சொன்னார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எட்டு மணிக்கு எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. வலது தாடை எலும்பில் ஒரு பகுதி, கன்னம், கழுத்துக் கட்டிகள் எல்லாம் எடுத்து, மார்பிலிருந்து சதை எடுத்து மூடினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷமும் சில மாசமும் இருந்தார். எச்சில் ஒழுகும், பேச்சு வசுமதிக்கு மட்டும்தான் புரியும். அவள் வேலையை விட்டுவிட்டாள். அவர் போன பிறகு மதுராந்தகத்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷனில் இருக்கிறாள். மைக்ரோஸ்கோப் பக்கம் அப்புறம் போகவில்லை. கூப்பிட்டார்கள். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, நான்தான் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு டியூட்டி சிஸ்டர் வந்து, மூக்கு வழியாகப் போட்டிருக்கும் குழாயில் ஆகாரம் தொடங்கலாம், வீட்டுக்காரங்க கத்துக்கணும், ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க என்றாள். நானும் நர்ஸ்தான் என்று சொல்லி இரண்டு பேராகப் போனோம். முகம் பாதிக்கு மேல் கட்டு. கண் திறந்திருந்தது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னேன். வசுமதி உயர்த்தினாள். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று முதலில் ஊசிக்குழலால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். இழுத்தாள். மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது.

"இதை நீ பார்த்தியா, இல்லை நான் சொன்னேன்னு நம்பினியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் சிஸ்டர்."

"ஒவ்வொரு தடவையும் பார்க்கணும். நேத்து சரியா இருந்தது, இன்னிக்கும் இருக்கும்னு நினைக்கக் கூடாது."

முதலில் முப்பது மில்லி வெறும் தண்ணீர். அப்புறம் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர் நூறு. அழுத்தித் தள்ளக் கூடாது, குழலை உயரப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும் என்றேன். அவள் கையை உயர்த்திப் பிடித்தாள். பத்து நிமிஷம் ஆனது. கை ஆடவில்லை. நடுவில் அவர் இருமப் பார்த்ததும் குழாயைக் கிள்ளி நிறுத்தி, அவர் மூச்சு சீராகும் வரை காத்திருந்து, மறுபடி விட்டாள். கடைசியில் இன்னும் முப்பது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடினாள். சார்ட்டில் நேரமும் அளவும் எழுதினாள். பிறகு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அவருடைய இடது வாயோரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஆகாரம் எத்தனை மணிக்கு என்று டியூட்டி சிஸ்டரிடம் கேட்டாள்.